நிழலில் ஒரே நிறம்

ஜனவரி 18

அன்புத் தங்கைக்கு,

இன்று சாயங்காலம் உன் வண்டி எங்கள் வாசலிலிருந்து கிளம்பியபோது அங்கே இருந்தவர்கள்: நான், ஊன்றுகோலோடு உன் அத்தான், வண்டியை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கும் டிரைவர், எதிர்வீட்டு டீச்சரம்மா. டீச்சரம்மா குப்பை கொட்ட வந்தவர். கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். கடைசிவரை நின்று பார்த்ததால் சேர்த்துவிட்டேன்.

நாங்கள் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீ பயிற்சிக்குப் போன இரண்டு மாதமும் வண்டி இங்கே இருந்ததால்தான் உன் அத்தானின் முழங்கால் சிகிச்சை ஒருநாள்கூடத் தவறாமல் நடந்தது. இந்த உதவியை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. பெட்ரோல் நிரப்பியிருக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் காற்று பார்த்தாயிற்று. கால் மிதிக்கும் ரப்பர் பாய்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். முன்பெட்டியில் உன் கண்மை, மடக்குக் குடை, ஒரு ஒற்றைத் தோடு இருக்கின்றன. மிட்டாய் இரண்டு கெட்டுப்போயிருந்தன, எறிந்துவிட்டேன். அதற்கு மன்னித்துக்கொள்.

பொழுது சாய்ந்த பிறகு உன் வீடு வந்து சேரும்படி கிளப்பியிருக்கிறேன். உச்சி வெயிலில் நெடுந்தூரம் ஓட்டினால் டயருக்கு ஆகாதாம்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது. போனில் வேண்டாம். நான் போனை எடுத்தால் உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் பேசாததையும் சேர்த்துப் பேசுகிறார்.

உன் அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

வண்டி வந்தது. நீ சொன்னபடியே இருட்டிய பிறகு வந்தது. டிரைவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, 'அக்கா ரொம்ப விசாரிச்சாங்கன்னு சொல்லச் சொன்னாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தாலே உன் ஊதுவத்தி வாசனை. வார்டில் ஒரு தாத்தா, 'ஏம்மா, நீ சாமி கும்பிட்டுட்டுத்தான் ஊசி குத்துவியா?' என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கையை நீட்டினார்.

அதிகாலை முறையை எனக்கே கொடுத்திருக்கிறார்கள். ஆறு மணிக்கு வார்டில் ரத்தம் எடுக்கத் தொடங்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான் என்பதால் வண்டி உள்ளவளுக்குத்தான் இந்த வேலை வரும். மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அதைவிட, போகும் வழியில் அரைமணி நேரம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ரேடியோகூடப் போடாமல் ஓட்டுகிறேன். சிரிக்காதே.

அவர் அடுத்த மாதம் பாலம் கட்டும் இடத்திலிருந்து பத்து நாள் லீவில் வருகிறார். அத்தான் படி ஏறுகிறாரா?

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஊசித் தாத்தாவை மூன்றாம் முறையும் கேட்டார். அவர் இப்போது ஏழு படி ஏறுகிறார். எட்டாவது படியில் நின்று, 'மேல என்ன இருக்கு, எல்லாம் கீழேதானே இருக்கு' என்று தத்துவம் பேசி இறங்கிவிடுகிறார்.

வண்டியைப் பற்றி நீ எழுதியது வாசனையைத்தான். மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறதா? கதவுகள் நன்றாக மூடுகின்றனவா? இடப்பக்கப் பின்கதவு கொஞ்சம் இறுக்கமோ என்று எனக்கு ஒரு எண்ணம். ஆஸ்பத்திரியில் வண்டியை எங்கே நிறுத்துகிறாய்? மரநிழல் இருந்தால் நல்லது. வெயில் பட்டால் பெயின்ட் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி மங்கும் என்று சொல்கிறார்கள்.

உன் வீட்டுக்காரர் வந்ததும் நான் விசாரித்ததாகச் சொல். எதையும் மறைக்காமல் எழுது.

உன் அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கதவெல்லாம் மூடுகிறது. நான் இப்போது பஸ்ஸில் போய்வருகிறேன். ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிவிடலாம், அதுவும் ஒரு வசதிதான். அதிகாலை முறையை ஜூன் வரைக்கும் வேறொருத்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் ஐந்தாம் தேதி, அந்த முறை நிரந்தரமாக யாருக்கு என்று எழுதி ஒட்டுவார்கள். அதற்குள் ஏதாவது ஆகும். இப்போதைக்கு மதியம் போய் இரவு பத்துக்கு வருகிறேன்.

ஏன் என்று கேட்காதே. அத்தானுக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

'கேட்காதே' என்று நீ எழுதியதைப் படித்தேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை, சொல்கிற இடத்தில் இருக்கிறேன் என்று புரிந்தது. ஜனவரியில் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் சிகிச்சை முடிந்து திரும்பி, வண்டியைப் பின்பக்கமாக வீட்டுக்குள் எடுத்தோம். முன்னால் டிரைவர், அவர் பக்கத்தில் காலை நீட்டியபடி உன் அத்தான், பின்னால் நான். மதிலோரம் என் பூந்தொட்டிகள் இருக்கின்றன, உனக்குத் தெரியும். சக்கரம் ஏறிவிடுமோ என்று பார்க்க நான் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். வண்டி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கேட் தூண் கதவைப் பிடித்துக்கொண்டது. வந்த சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

டிரைவர் இறங்கி வந்து, 'ஏம்மா, நான்தான் கண்ணாடியில பாத்துட்டே வர்றேன்ல? நீங்க எதுக்குத் திறந்தீங்க?' என்றார்.

'தொட்டி...' என்றேன்.

உன் அத்தான் எட்டிப் பார்த்து, 'தொட்டிக்கு ஒரு கீறல் இல்ல. சந்தோஷமா?' என்றார்.

அன்று சாயங்காலமே பட்டறையில் விட்டேன். நெளிவை எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். கொட்டகைக்குள் பார்த்தபோது வண்டி முழுக்க ஒரே வெள்ளி நிறம். வெளியே வெயிலுக்கு எடுத்ததும் கதவு மட்டும் நீலம் ஓடித் தனியாக நின்றது. பெயின்டர், 'காயக் காய ஒட்டிக்கும்மா' என்றார். நம்பினேன். எனக்கு நம்ப வேண்டியிருந்தது. நீ வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அத்தான், 'வேற வீட்டுக் கல்யாணத்துல உக்காந்த மாதிரி இருக்கு அந்தக் கதவு. உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு' என்றார். 'கேட்டா சொல்லிக்கலாம்' என்றேன் நான். வண்டி ஏன் இருட்டில் வந்து சேரும்படி அனுப்பினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். டயருக்காக இல்லை.

ரப்பர் பாய் கழுவியதைக்கூட எழுதியவள் நான். மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கும்பிட உட்கார்ந்து கண்ணை மூடினால் அந்தக் கதவுதான் வந்து நிற்கிறது.

நீ பஸ்ஸில் போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றால் திட்டி எழுது. தாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வண்டி வந்த மறுநாள் காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கண் இருக்கிறது. நீயாக எழுதுவாய் என்று இருந்தேன். பிப்ரவரிக் கடிதத்தில் மரநிழல் வரைக்கும் வந்தாய், அதற்குமேல் வரவில்லை. அப்போது கொஞ்சம் கோபம். இப்போது இல்லை.

அவர் லீவில் வந்த முதல் நாள் வண்டியைக் கழுவத் தெருவில் நிறுத்தினார். உள்ளே வந்து, 'பின்கதவு எங்க இடிச்ச?' என்றார்.

'ஆஸ்பத்திரி கேட்ல. லேசா உரசிடுச்சு' என்றேன்.

'உரசினதுக்கு முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிச்சிருக்கே. ஏன் சொல்லல?'

'சொல்லலாம்னு இருந்தேன்.'

'இடிச்சது தப்பே இல்ல. பூசி மறைச்ச பாரு, அதுதான். நாளைக்கு ஒரு ஆள் மேல ஏத்திட்டாலும் பூசிடுவ.'

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். லீவு முடிந்து போகும்போது இரண்டு சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வண்டி ஷெட்டில் பூட்டிக் கிடக்கிறது.

உன் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால், வண்டி உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பார். அதை உங்களிடம் அனுப்பியது அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவர் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டார். 'யோசிக்கலாம்' என்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அத்தானின் முழங்கால் மரமாகியிருக்கும். அதனால் கேட்கவில்லை. வண்டி இரண்டு மாதமும் ஷெட்டில் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். அத்தானிடம் சொல்லாதே, ஊன்றுகோலோடு கிளம்பிவிடுவார்.

தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

அத்தானிடம் சொல்லவில்லை. அடுப்பில் வைத்ததை இரண்டு முறை அடிபிடிக்க விட்டேன். அவராகவே, 'என்ன, கதவா?' என்று கேட்டார். முகத்திலேயே தெரிகிறதாம்.

உன் வீட்டுக்காரருக்கு நான் எழுதிவிடுகிறேன். இடித்தது நான், பெயின்ட் அடித்தது நான், ஒளித்தது நான். அவர் உன்னைச் சந்தேகப்படுகிற ஒவ்வொரு நாளும் என் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு நீ பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவதை நினைத்தால் எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன். சரி என்று மட்டும் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

வேண்டாம்.

உன் கடிதத்தை நீயே ஒருமுறை படித்துப் பார். எழுதினால் யார் தூங்குவார் என்று போட்டிருக்கிறாய்? நீ. உன் மனசு லேசாவதற்கு என் வீட்டில் இன்னொரு பூசலை இறக்கிவைக்காதே. இப்போது அவருக்கு நான் ஒரு பொய் சொன்னவள். நீ எழுதினால் மூன்று பொய் சொன்னவள். வண்டியை அனுப்பியதை மறைத்தது, ஷெட்டில் இருந்தது என்றது, கேட்டில் இடித்தது என்றது.

என்னைக் கொஞ்ச நாள் விடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை


மே 11

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். மாமாவின் கால் தேறிவருவதாக நான் லீவில் வந்தபோது அவள் சொன்னாள், மகிழ்ச்சி. இங்கே பால வேலை மும்முரமாக நடக்கிறது. ஆற்றுக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டதைத் தவிர எனக்குக் குறையில்லை.

உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் முறை. வண்டிக் கதவு இடிபட்டதை உங்கள் தங்கை என்னிடம் மறைத்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் அதிலிருந்து சரியான பேச்சில்லை. போன் செய்தால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். இங்கே ஒரு மேஸ்திரி தூணில் வந்த விரிசலைச் சிமென்ட் பூசி மறைத்தார். அவரை அன்றே அனுப்பிவிட்டேன். அதே கண்ணால் வீட்டிலும் பார்த்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றுகிறது. சாவி என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கொன்றும் பெருமையாக இல்லை. ஆனால் அவளாக ஒரு வார்த்தை உண்மை சொல்லாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? கதவு நிறம் ஏன் அப்படி நீலமாக இருக்கிறது என்று கேட்டால்கூடத் தெரியாது என்கிறாள். எந்தப் பட்டறை என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

ஒரு காசு, ஒரு பொருள் விடாமல் எழுதிவைக்கிறவர் நீங்கள். உங்களிடம் ஒளிவுமறைவு கிடையாது என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மூத்தவராக அவளுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சை அவள் தட்ட மாட்டாள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவர்


மே 16

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒளிவுமறைவு இல்லாத மூத்தவள் உனக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். உன் அத்தான் வாங்கிப் படித்துவிட்டு, முதல் முறையாக ஒரு கேலியும் செய்யாமல் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை பட்டறைக்குப் போனேன். நிறம் ஏன் ஒட்டவில்லை என்று உன் வீட்டுக்காரர் கேட்டிருப்பதற்காவது எனக்குப் பதில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. பெயின்டர் வேறொரு வண்டியின் கண்ணாடியில் பெயின்ட் படாமலிருக்கக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

'ஒட்டிக்கும்னு சொன்னீங்க. ஒட்டலையே' என்றேன்.

'உங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா. சொன்னா பணத்தப் பிடிச்சுக்குவீங்கன்னு பயம். கலர் கலக்குற கடைக்கு முழு வண்டியையும் தூக்கிட்டா போக முடியும்? பெட்ரோல் மூடியக் கழட்டி எடுத்துட்டுப் போவோம். அதை வெச்சுத்தான் கலந்து கொடுப்பாங்க. கதவு அடிச்சு முடிச்சு, மூடியத் திரும்ப மாட்டறப்பதான் பாத்தேன். கதவும் மூடியும் அச்சா ஒண்ணு. வண்டிதான் வேற.'

'அதெப்படி?'

'அந்த மூடி இந்த வண்டிக்குப் பொறந்தது இல்ல. உள்பக்கம் பச்சை தெரியுது. ஏதோ பழைய பச்சை வண்டியோடத வாங்கி, மேல வெள்ளி அடிச்சு மாட்டியிருக்காங்க. மூடி சின்னதா இருக்கறதால யார் கண்ணுக்கும் தெரியல. அதே கலர முழுக் கதவுக்கும் அடிச்சா தெரியாம இருக்குமா?'

மூடியை நீ மாற்றினாயா? குற்றம் சொல்லக் கேட்கவில்லை.

போன முறை நான் தூங்குவதற்காக அனுமதி கேட்டேன், நீ மறுத்தது சரி. இந்த முறை எனக்காகக் கேட்கவில்லை. அவர் உன்னிடம் கேட்பது ஒரு வார்த்தை உண்மை. அது உன்னிடம் பாதியும் என்னிடம் பாதியும் இருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் நீ மட்டும் எப்படிச் சொல்வாய்? நீ இன்னும் வேண்டாம் என்றால் நான் அவருக்குப் பதிலே எழுதாமல் இருந்துவிடுவேன், மரியாதை கெட்டவள் என்று நினைத்தாலும் சரி. ஆனால் உனக்குப் புத்தி சொல்லி ஒரு வரி எழுத எனக்குக் கை வராது.

உன் அக்கா


மே 24

அக்காவுக்கு,

அவர் கடிதத்தை இரவு வேலை முடிந்து வந்து படித்தேன். 'பெருமையாக இல்லை' என்று உனக்கு எழுதியவர் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் பலதைச் சொல்லியிருக்கலாம்.

எழுது. ஆனால் வண்டியை நீ கேட்டு வாங்கியதாக எழுதாதே. என் பழியையும் தூக்கிப் போட்டுக்கொள்ள உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை. நானாக அனுப்பினேன், அவரிடம் சொல்லாமல் அனுப்பினேன். அதை நானே என் கையால் எழுதி இன்றே போடுகிறேன். கதவு மட்டும்தான் உன்னுடையது.

மூடியை நான் மாற்றவில்லை. அதை நான் தொட்டதே இல்லை, பெட்ரோல் போடுகிறவர்தான் திறப்பார். வண்டியைப் புதிதாக வாங்கியதிலிருந்து பட்டறையில் விட்டு எடுப்பதெல்லாம் என் வீட்டுக்காரர்தான்.

தங்கை


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

இன்று இதை எழுதும்போது பக்கத்தில், மாமா என்று நீங்கள் விசாரித்த என் கணவர் மட்டும் இருக்கிறார். அவர் நலம். பதினோரு படி ஏறுகிறார். உங்கள் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டுமென்று ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கமான கடிதத்துக்கு நான் தகுந்தவள் இல்லை. கதவை இடித்தது உங்கள் மனைவி இல்லை, நான். எங்கள் வீட்டு கேட்டில், வண்டி பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது பூந்தொட்டியைப் பார்க்கக் கதவைத் திறந்தேன். பட்டறையில் விட்டுப் பெயின்ட் அடித்ததும் நான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று இருட்டில் வந்து சேரும்படி அனுப்பியதும் நான். அவள் கேட்காமல் இருந்தாள். அதை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். பூசி மறைத்த மேஸ்திரியைத் தேடுகிறீர்கள் என்றால் அவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார்.

வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது எப்படி என்பதை அவளே உங்களுக்கு எழுதியிருக்கிறாள். நான் அதில் ஒரு வரி சேர்க்கவோ எடுக்கவோ மாட்டேன். அந்த இரண்டு மாதத்தில்தான் என் கணவர் மறுபடி நடந்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நிறம் ஏன் அப்படி என்று கேட்டிருந்தீர்கள். பெயின்டர் பெட்ரோல் மூடியைக் கொண்டுபோய் நிறம் கலக்க வைத்திருக்கிறார். அந்த மூடி வேறொரு பச்சை வண்டியினுடையதாம், மேலே வெள்ளி அடித்து மாட்டியது. அவள் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் இருக்கிற நிலையில் யாரையும் எதுவும் கேட்கப் போவதும் இல்லை.

கதவைத் திரும்ப அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அது எப்போது வேண்டுமானாலும் ஆகட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் அதிகாலை முறை யாருக்கு என்று ஜூன் ஐந்தாம் தேதி எழுதி ஒட்டிவிடுவார்கள். அன்று அவளிடம் சாவி இருக்க வேண்டும். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள், குறைக்கச் சொல்லவில்லை. சாவியை அனுப்பிவிட்டீர்களா, இல்லையா என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

அக்கா